ரோகமுக்தி

பெருந்தொற்றின் முதல் சில வாரங்களில் கேரளம் மொத்தமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். தினமும் சாயங்காலம் டிவியில் அன்றைய நிலவரத்தை வாசிப்பார்கள். இன்று இத்தனை பேருக்கு நோய், இத்தனை பேருக்கு ‘ரோகமுக்தி’. ரோகம் என்றால் நோய், அது எனக்குத் தெரியும். முக்தி என்றால் என்ன என்பதைத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தென்காசிப் பக்கத்துச் சுவரொட்டிகளில் முக்தி அடைந்த எவரும் மறுநாள் சாயா குடிக்க வந்ததில்லை. சில நாட்களில் நோய் வந்தவர்களைவிட முக்தி அடைந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். முந்தைய நாட்களின் பாக்கியெல்லாம் சேர்ந்து போகிறது என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். வாசிக்கிறவர் முகத்தில் அப்போது ஒரு திருப்தி தெரியும். இந்த மலையாளிகளின் மனதைரியமே தனி என்று வியந்தேன். அதற்கப்புறம் ‘மரணம்’ என்று தனியாக ஒரு சின்ன எண்ணும் சொல்வார்கள். அது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே செத்தவர்கள் என்று பிரித்துவைத்தேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் அல்லவா.

இருபத்திரண்டு வருஷமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்தது பஜார் மலையாளம். ஏற்று, இறக்கு, வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கு, சாயா சொல்லு. அரிசி மூட்டைக்கும் சுக்கு மூட்டைக்கும் நடுவில் முக்தி என்ற பேச்சு ஒருநாளும் வந்ததில்லை. எழுத்தைப் பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துவிடுவேன். என் மகளுக்குத் தமிழைவிட மலையாளம்தான் நன்றாக வாசிக்க வரும். அவள் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே என் தலையில் குட்டியிருப்பாள். அவளும் என் மனைவியும் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போன இடத்தில் பஸ் நின்று, அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் நானும் டிவியும் மட்டும். என்னைத் திருத்த ஆளில்லாத நேரங்களில்தான் நான் மிகவும் புத்திசாலியாக இருப்பேன்.

எங்கள் லைன் அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. எட்டு வீடு, ஒரே ஓடு, ஒரே குழாய். என் வீட்டுக்கு அடுத்த வீடு மெஸ் அக்காவுடையது. சுமை தூக்குகிற தமிழ் ஆட்கள் முப்பது நாற்பது பேருக்கு அக்காதான் சமைத்துப் போடுவாள். அவள் புருஷனை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். அவரும் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு எழுத்து தெரியாது, அண்ணனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். இருவரும் பேசிக்கொண்டு நான் அதிகம் கேட்டதில்லை. “சோறு ஆச்சா?” “ஆச்சு.” இந்த இரண்டு வசனத்தை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தார்கள். சண்டை என்றால் மூன்றாவதாக ஒரு வசனம் கூடும்.

அக்காவிடம் இருந்தது பட்டன் போன். பச்சையை அழுத்தினால் பேசலாம், சிவப்பை அழுத்தினால் நிற்கும். டச் போன் வாங்கிக்கொள் என்று எத்தனையோ தடவை நாங்கள் சொல்லியிருந்தோம். “தடவுனா வேலை செய்யுத சாமான் எல்லாம் எனக்கு வேண்டாம்யா. நான் மாவு அரைக்கிற கை” என்பாள். பிறகு ஊரடங்கு வந்தது. மெஸ்ஸில் உட்கார்ந்து யாரும் சாப்பிடக்கூடாது. ஆட்கள் அறைகளில் அடைந்து கிடந்தார்கள். யாருக்கு எத்தனை பொட்டலம், எந்தச் சந்தில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் போனில் வர ஆரம்பித்தது. என்னிடம் மூலை உடைந்த பழைய டச் போன் ஒன்று இருந்தது. அதில் அக்காவின் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். எழுத்து தெரியாது என்பதால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆள் முகத்தையே படமாக வைத்தேன். கடைக்காரர் மீசை தெரிந்தால் அரிசி. என் முகம் தெரிந்தால் வெட்டிப்பேச்சு. “எழுதவே வேண்டாம்க்கா, இந்த மைக்கை அமுக்கிப் பேசு” என்றேன். முதல் வாய்ஸ் மெசேஜில் கால் நிமிஷம் மூச்சு மட்டும் வந்தது. கடைசியில், “என்ன பேசணும்?” என்று ஒரு குரல். ஒரே வாரத்தில் அவள் அந்தச் சாமானை அதட்டி வேலை வாங்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் மட்டுமில்லை. மார்க்கெட் கணக்கப்பிள்ளை சீட்டுக்குப் பதிலாகப் போட்டோ அனுப்பினார். டாக்டர் வீடியோவில் நாக்கை நீட்டச் சொன்னார். பாலம் தாண்டி எறணாகுளம் போவதற்கான பாஸ் போனில் வந்தது. கோயில் பூஜையும் போனில் வந்தது, கற்பூரத்தைத் திரையில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பத்து வருஷம் கெஞ்சியும் எங்கள் லைனுக்குள் நுழையாத உலகம் மூன்று வாரத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. எனக்குத்தான் கொண்டாட்டம். எட்டு வீட்டுக்கும் நானே டெக்னீஷியன். பாஸ்வேர்டு மறந்தாலும் என்னிடம் வருவார்கள், திரை இருண்டாலும் என்னிடம் வருவார்கள். தெரியாது என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. பாதி நேரம் போனை அணைத்துத் திரும்பப் போடுவேன், சரியாகிவிடும். அந்த ஒரு வித்தையில் பெரிய ஆளாகிவிட்டேன். அண்ணன்கூட, “பய மூளைக்காரன்டே” என்று சொல்லுமளவுக்கு.

அந்த அண்ணனுக்குத்தான் காய்ச்சல் வந்தது. இரண்டாவது நாள் மூச்சு வாங்கியது. உடம்பு முழுக்க வெள்ளையாக மூடிய இரண்டு பேர் வந்து ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெரு முனையில் மூங்கில் கட்டிக் கயிறு இழுத்தார்கள். அக்கா தன் வீட்டுக்குள் தனியாக இருக்க வேண்டும் என்றார்கள். லைனிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். பார்க்க ஆள் விடமாட்டார்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்த மூலை உடைந்த போன் ஒன்றுதான்.

அண்ணன் தன் டச் போனிலிருந்து கூப்பிட்ட முதல் வீடியோ காலில் அக்கா முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு குட்டைச் சுவர். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அவள் அங்கே உட்கார்ந்துதான் பேசுவாள். நான் என் பக்கம் பாத்திரம் கழுவுகிற பாவனையில் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். “என்ன கறுத்துப்போயிட்ட?” என்றார் அவர். “வெளிச்சம் பின்னால இருக்கு. கறுப்பு எல்லாம் உங்க கண்ணுல” என்றாள். அவர் மூச்சு இரைத்துக்கொண்டே சிரித்தார். மறுநாள் என்ன கஞ்சி கொடுத்தார்கள் என்று கேட்டாள். அதற்கடுத்த நாள், கல்யாணமான புதிதில் வைப்பின் தீவுக்குப் படகில் போனபோது தண்ணீரில் விழுந்த செருப்பைப் பற்றிப் பேசினார்கள். முப்பது வருஷமாக எங்கே வைத்திருந்தார்களோ அத்தனை பேச்சையும். தினமும் நாலு மணிக்கு அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்வாள். உள்ளே ஒரு பயமும் இருந்தது. மற்ற நேரத்தில் மெசேஜ் எது வந்தாலும் போனைச் சுவர்மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்து நிற்பாள். “தம்பி, இது என்ன சொல்லுதுன்னு வாசிச்சுச் சொல்லுய்யா.” நான் சானிடைசர் போட்டுத் துடைத்து எடுத்து வாசிப்பேன். பெரும்பாலும் ரேஷன் அறிவிப்பாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அப்படித்தான் வைத்தாள். மலையாளத்தில் வந்திருந்தது. பஸ் போர்டு வேகத்தில் எழுத்துக் கூட்டினேன். முதலில் அண்ணனின் பெயர், வயது. பிறகு, ‘ரோகமுக்தி நேடி.’ நேடி என்றால் அடைந்தார். கடைசியில் மேல்நடவடிக்கைகளுக்குத் தொடர்புகொள்ளச் சொல்லி ஒரு எண். முக்தி அடைந்தபின் என்ன மேல்நடவடிக்கை இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. உடலைத் தரமாட்டார்கள், அவர்களே எரித்துவிடுவார்கள் என்று டிவியில் பார்த்திருந்தேன்.

“என்னய்யா போட்டிருக்கு?” என்றாள்.

“ரேஷன்க்கா. அரிசி பருப்புக் கிட்டு வருதாம்.”

“அவரு இன்னைக்கு விளிக்கலயே. நாலு மணி தாண்டிருச்சு.”

“போன்ல ஏதோ கோளாறு. டவர் காட்டமாட்டேங்கு. நான் வச்சுப் பாத்துட்டுத் தாரேன்.”

அந்த நொடியில் யோசித்தேனா என்று கேட்டால், மிகவும் யோசித்தேன், அதுதான் கோளாறு. அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு. இப்போது சொன்னால் கதறி விழுவாள், ஓடிப்போய்ப் பிடிக்க யாரும் உள்ளே போகக்கூடாது. வியாழக்கிழமை அவளுடைய தனிமை முடிகிறது. அன்றைக்கு லைன் பெண்களைக் கூட வைத்துக்கொண்டு சொல்லலாம். அதுவரை வேறு யாரும் போனில் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு பொறுப்பான மனிதன் பாருங்கள். பக்கத்து மலையாளி வீட்டில் மெசேஜைக் காட்டியிருக்கலாம். காட்டினால் லைன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று காட்டவில்லை. அந்த எண்ணுக்காவது கூப்பிட்டிருக்கலாம். உடல் என்று அவர்கள் சொல்வதைக் காதால் கேட்கும் தைரியம் இல்லை. போனின் சத்தத்தை அடைத்து, ஒரு துண்டில் சுற்றி, என் பீரோவில் மனைவியின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பீரோ உறுமியது. பேய்க்கு நான் பயப்படுகிறவன் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே திறந்தேன். அதிர்ந்துகொண்டிருந்த துண்டுக்குள்ளிருந்து அண்ணனின் முகம் வெளிச்சமாக என்னைப் பார்த்தது. நான் வைத்த படம்தான், ஓணத்துக்குச் சட்டை மாற்றி நின்றபோது எடுத்தது. அவர் கூப்பிடுகிறார். செத்தவர் எப்படிக் கூப்பிடுவார்? இந்தக் கேள்விக்கு என் மூளை அரை நிமிஷத்தில் விடை கண்டுபிடித்தது: அவருடைய போனிலிருந்து நர்ஸ் கூப்பிடுகிறாள். அவருடைய துணிமணிகளை வாங்கிக்கொள்ளச் சொல்லத்தான் கூப்பிடுவாள். நான் துண்டை மறுபடியும் சுற்றினேன். பிறகு என் போனிலும் அதே முகம் வந்தது. என் போனை அணைத்தே வைத்துவிட்டேன். பீரோ அன்றைக்கு உறுமிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்காமலிருக்க டிவியைக் கூட்டி வைத்தேன். டிவியில் முக்தி அடைந்தவர்களின் எண்ணிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அதில் ஒருவர் என்று நினைத்து நான் அழுதேன். பொய் அழுகை இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா பொட்டு வைத்துக்கொண்டு சுவருக்குப் பக்கம் வந்து நின்றாள்.

“சரியாயிருச்சாய்யா?”

“உள்ள போர்டு போயிருக்கும் போலுக்கா.”

“உன் போன்ல அவரைக் கூப்பிட்டுத் தாயேன்.”

“எனக்கும் டவர் இல்லக்கா. இந்தக் கொச்சிக்கே டவர் இல்ல.”

“நீயும் ஒரு டெக்னீசியன்” என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகவே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை காலையில் சுகாதாரப் பணியாளர் சேச்சி வந்தார். எங்கள் வார்டில் வீடு வீடாக ஜுரம் பார்த்து எழுதிக்கொண்டு போகிறவர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மாஸ்குக்கு மேலே கண் சிவந்திருந்தது. “தம்பி, ஒரு காரியம் பறயானுண்டு. அக்காயோடு எங்ஙனெ பறயும் என்னு அறியில்லா” என்றார். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிற அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னேன்: “எனிக்கு அறியாம் சேச்சி. திங்களாழ்ச்ச தன்னெ அறிஞ்ஞு.”

எனக்குத் திங்கட்கிழமையே தெரியும் என்று சொன்னதும் சேச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “திங்களாழ்ச்சயோ? இந்நு வெளுப்பினல்லே மரிச்சது.”

இன்று விடியற்காலையில்தானே இறந்தார் என்கிறார். பாவம், சேச்சிக்குத் தாமதமாகத் தகவல் வந்திருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே ஓடி, பீரோவைத் திறந்து, போனை எடுத்துவந்து அந்த மெசேஜைக் காட்டினேன். ஆதாரம் காட்டுகிற பெருமை அப்போதும் எனக்கு இருந்தது. சேச்சி வாசித்தார். திரும்பவும் வாசித்தார். “இது அசுகம் மாறி என்னல்லே தம்பி” என்றார். நோய் மாறிவிட்டது, அதாவது தீர்ந்துவிட்டது. ரோகத்திலிருந்து முக்தி. குணமானதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகு அவர் சொன்னதெல்லாம் தூரத்தில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. சோதனையில் நோய் இல்லை என்று வந்ததும் அண்ணனைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றுகிற அலைச்சலில் திங்கட்கிழமை நாலு மணிக்கு அவரால் கூப்பிட முடியவில்லை. செவ்வாய் முழுக்க உட்கார்ந்து போன் பண்ணியிருக்கிறார். வீட்டில் எடுக்கவில்லை, யாராவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேச்சிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். சேச்சிக்கு அன்றைக்கு வேறு சந்தில் நாலு வீடு. வர முடியவில்லை. விடியற்காலையில் அண்ணனுக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. இந்த நோய் போனபிறகும் ரத்தத்தைக் கட்டியாக்கிவிட்டுப் போகிறது என்று டாக்டர்கள் சொன்னார்களாம்.

அக்காவிடம் சேச்சிதான் சொன்னார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் கதறவில்லை, விழவுமில்லை. பிடிக்க ஆள் வேண்டுமே என்று நான் கவலைப்பட்டதெல்லாம் வீண். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “போன் சரியாயிருச்சா?” என்று கேட்டாள். கொடுத்தேன். திறந்ததும் அண்ணனின் முகம் வரிசையாக, ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு. எழுத்து தெரியாதவளுக்கும் புரிகிற மாதிரி அதை அமைத்துக் கொடுத்தவன் நானல்லவா. அவள் விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தது. அழுத்தினாள்.

“ஏ, எங்க போயிட்ட? போன எடுக்கமாட்டேங்க. எனக்கு மாறிருச்சுன்னு சொல்லிட்டாவ. வேற வார்டு, சன்னல் பக்கம் கட்டில். ரெண்டு நாள்ல விட்டுருவாவளாம். மீனு கெடச்சா குடம்புளி போட்டு வையி, இந்தக் கஞ்சியக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. போன் கெட்டுப்போச்சுன்னா பக்கத்து வீட்டுப் பயகிட்டக் குடு. அவன் பாத்துருவான்.”

“இந்தப் போன் சதி பண்ணிருச்சேய்யா” என்றாள் அக்கா. நான் தலையை ஆட்டினேன்.

அந்த ஆட்டின தலையோடுதான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. சாயாக்கடையில் முக்திக் கதையை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். டிவி வரைக்கும் சொல்வேன், மலையாளிகளின் மனதைரியம் வரைக்கும். சேட்டன்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அங்கேயே நிறுத்திக்கொள்வேன். முன்பெல்லாம் ஒரு சேதி என்றால் ஆள்தான் கொண்டுவருவான். குணமாகிவிட்டார் என்று சொல்ல வருகிறவன் சிரித்துக்கொண்டு வந்திருப்பான், என்னைப் போன்ற மண்டுவுக்கும் அந்த முகம் புரிந்திருக்கும். மெசேஜுக்கு முகம் இல்லை. இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அண்ணனின் முகம் வந்ததே, அன்றைக்குப் பகல் முழுக்க. அதைத்தான் நான் துண்டில் சுற்றினேன்.

அக்கா அதற்கப்புறம் போனை விடவில்லை. மெஸ் வாசலில் கட்டம் கட்டமாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டுவிட்டு ஆட்கள் சாப்பிடுகிறார்கள். போனை மாற்றினாலும் அந்த வாய்ஸ் மெசேஜை மட்டும் பத்திரமாக மாற்றிவாங்கிக்கொள்கிறாள். என்னிடம் அல்ல, கடையில். இப்போது புதிதாக ஒன்று கற்றிருக்கிறாள். அச்சில் எது இருந்தாலும் போனை அதன்மேல் காட்டுவாள், ஒரு பெண் குரல் தமிழில் வாசித்துச் சொல்லும். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும். யாரிடமும் போய் வாசிக்கச் சொல்லி நிற்க வேண்டியதில்லை. அவள் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அச்சானதும் ஒரு பிரதியை அந்தக் குட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்து நிற்பேன். அவள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்.

அந்தப் போன் கெட்டுப்போகவில்லை. திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து புதன்கிழமை காலை வரை அது என் பீரோவில் இருந்தது. அண்ணன் குணமாகியிருந்தார். செவ்வாய்க்கிழமை பதினோரு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.